ஹவுரா வார்ப்படங்களும் ஏற்றுமதி ஊக்கமும்: கொடுத்தது எது, சேர்ந்தது எங்கே?

1. கேள்வி

நியூயார்க் நகரத் தெருக்களில் பதித்திருக்கும் பாதாளச் சாக்கடை மூடிகள் பலவற்றின்மேல் ‘மேட் இன் இந்தியா’ என்ற எழுத்துகள் புடைத்துத் தெரியும். அங்கே போகிற நம்மவர்கள் அதைப் படம் எடுத்துப் பெருமையோடு ஊருக்கு அனுப்புவது வழக்கம். அந்த எழுத்துகளை அங்கே வைக்கச் சொன்னது அமெரிக்கச் சட்டம். 1984-இல் அந்நாடு இயற்றிய வணிகத் தீர்வைச் சட்டம், இறக்குமதியாகும் சாக்கடை மூடிகளின் மேற்பரப்பிலேயே, தேய்ந்து அழியாதபடி, அவை வார்க்கப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. பல இறக்குமதிப் பொருள்களுக்கு ஒட்டுச்சீட்டே போதும் என்று விட்டவர்கள், சாக்கடை மூடிக்கு இவ்வளவு கண்டிப்புக் காட்டியது தற்செயலன்று. உள்ளூர் ஃபவுண்டரிகளைக் காப்பாற்ற அமெரிக்கா 1980 முதல் எடுத்துவந்த நடவடிக்கைகளின் வரிசையில் அதுவும் ஒன்று.

அந்த மூடிகள் பெரும்பாலும் கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹூக்ளி ஆற்றைத் தாண்டினால் வரும் ஹவுராவில் வார்க்கப்படுகின்றன. லிலுவா, சால்கியா, பேலூர், தாஸ்நகர், பேலிலியஸ் சாலை என்று பரவிக் கிடக்கும் சிறு, நடுத்தர ஃபவுண்டரிகள் இந்தியாவின் பழைய வார்ப்படத் தொகுதிகளில் ஒன்று. ஒரு காலத்தில் ஹவுராவை ‘இந்தியாவின் ஷெஃபீல்டு’ என்று எழுதுவார்கள். இந்தத் தொழிலுக்கு இந்திய அரசு அறுபது ஆண்டுகளாக ஏதாவது ஒரு பெயரில் ஏற்றுமதி ஊக்கம் கொடுத்துவந்திருக்கிறது. ரொக்க உதவி, விலை ஈடு, வருமான வரிக் கழிவு, குறைந்த வட்டிக் கடன், சுங்க வரவுச் சீட்டு எனப் பெயர்கள் மாறின.

இந்த ஊக்கங்கள் ஹவுராவின் உற்பத்தியாளரை வெளிநாட்டுச் சந்தையில் வலுப்படுத்தினவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஹவுராவுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி, அரசு தன் கொள்கைகளால் அதன்மேல் ஏற்றிய செலவைத் திருப்பிக் கொடுத்ததுதான். திருப்பிக் கொடுத்த வழி ஏற்றுமதியோடு கட்டப்பட்டிருந்ததால் வெளிநாடு அதை மானியம் என்று கணக்கிட்டது. அப்படிக் கொடுத்த பணம் ஏற்றுமதியாளரின் பேரேட்டோடு நின்றது. உலைக்கும், உலையருகே நிற்பவனுக்கும் அது போய்ச் சேரவில்லை.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இந்திய ஏற்றுமதிக் கொள்கை பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. மன்மோகன் சிங் 1964-இல் வெளியிட்ட இந்திய ஏற்றுமதிப் போக்குகள் பற்றிய நூல், 1950களின் தேக்கத்துக்கு உலகச் சந்தையை மட்டும் குறை சொல்ல முடியாது, நம் கொள்கைகளும் காரணம் என்று காட்டியது. ஜகதீஷ் பகவதியும் பத்மா தேசாயும் 1970-இலும், பகவதியும் டி. என். சீனிவாசனும் 1975-இலும் எழுதிய நூல்கள், உரிமமுறையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் ஏற்றுமதிக்கு எதிராகவே வேலை செய்தன என்றும், அதைச் சரிக்கட்ட அரசு அள்ளித் தெளித்த ஊக்கங்கள் பண்டத்துக்குப் பண்டம் எந்தப் பொருளாதார நியாயமும் இல்லாமல் மாறுபட்டன என்றும் வாதிட்டன. தீபக் நய்யாரின் 1976-ஆம் ஆண்டு நூல் 1960களின் ஏற்றுமதியைப் பண்டவாரியாகப் பார்த்தது.

இவை அனைத்தும் டெல்லியிலிருந்து பார்த்தவை. நாணய மாற்று மதிப்பு, சராசரி மானிய விகிதம், மொத்த ஏற்றுமதி ஆகியவையே இவற்றின் அலகுகள். ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட தொழிலில் அந்த ரூபாய் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

மேற்கு வங்கத்துக்குள் நடந்த விவாதமோ வேறு. அங்கே இரண்டு தரப்புகள். ஒரு தரப்பு, மத்திய அரசின் சரக்குக் கட்டணச் சமன்பாடுதான் வங்கத் தொழிலைக் கொன்றது என்கிறது. இன்னொரு தரப்பு, 1967-க்குப் பின் வந்த கெராவோக்களும் (நிர்வாகத்தைச் சூழ்ந்து முற்றுகையிடும் போராட்டங்கள்) வேலைநிறுத்தங்களும் முதலீட்டைத் துரத்தின என்கிறது. இரண்டுமே அரசியல் மேடைக்கு உகந்த விளக்கங்கள். ஹவுரா ஃபவுண்டரிகளைப் பொறுத்தவரை முதல் விளக்கத்தில் கூடுதல் சரக்கு இருக்கிறது. ஆனால் அதுவும் முழுக் கதை ஆகாது.

3. வரியிலிருந்து ரொக்க உதவிக்கு

கல்கத்தாவின் ஏற்றுமதி என்றால் முதலில் சணல்தான். 1949-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது அரசு சணல் பொருள்களின் ஏற்றுமதி வரியை உயர்த்தியது. உலகச் சந்தை நம் கையில் இருக்கிறது, வாங்குகிறவன் எந்த விலைக்கும் வாங்குவான் என்ற கணக்கு. கிழக்குப் பாகிஸ்தானில் புதிய ஆலைகள் எழுந்தபோது அந்தக் கணக்கு தப்பியது. 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பு மறுபடியும் குறைக்கப்பட்டு, ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனபோதும் சணலுக்கு வரிதான் வந்தது. அதே ஆண்டில், அதே துறைமுகத்திலிருந்து போகும் பொறியியல் பொருள்களுக்கு வரிக்குப் பதில் ரொக்க உதவி வந்தது. பின்னாளில் ரொக்க ஈட்டுத்தொகை என்று பெயர் பெற்று 1991 வரை நீடித்தது அதுதான்.

பொறியியலுக்கு அந்த உதவி தேவைப்பட்டதற்கு ஒரு உள்ளூர்க் காரணம் உண்டு. ஹவுராவின் பெரிய வாடிக்கையாளர் ரயில்வே. தண்டவாளத்தின் கீழ் வைக்கும் வார்ப்பிரும்புக் கட்டைகளும் வேகன் உதிரிப் பாகங்களும் செய்து பிழைத்த பட்டறைகள் அவை. 1960களின் நடுவில் வறட்சியும் ஐந்தாண்டுத் திட்ட விடுமுறையும் வந்து அரசின் முதலீடு சுருங்கியதும் ரயில்வேயின் வாங்கல் குறைந்தது. 1966-67 பொறியியல் தொழிலின் மந்தநிலை வங்கத்தைத்தான் கடுமையாகத் தாக்கியது. வெளிநாட்டுச் சந்தையை ஹவுரா ஆசைப்பட்டுத் தேடிப் போகவில்லை. உள்ளூர் வாடிக்கையாளர் கைவிட்டதால் போனது. சாக்கடை மூடி அதற்கு ஏற்ற பொருள். எளிய அச்சு, அதிக எடை, நுட்பம் குறைவு, கூலி அதிகம் தேவை. இந்தியப் பொறியியல் பொருள் ஏற்றுமதியை வளர்க்க 1955-இல் அமைக்கப்பட்ட பொறியியல் ஏற்றுமதி ஊக்குவிப்பு மன்றத்தின் தலைமையகம் கல்கத்தாவில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவே ஊக்கத் தொகைக்கான மனுவும் பட்டறையும் ஒரே நகரத்தில் இருந்தன.

4. பிக் அயர்ன் விலை

கியூபோலா என்ற உலை உயரமான இரும்புக் குழாய். மேலே இருந்து பிக் அயர்ன், பழைய இரும்பு, கடின கோக், சுண்ணாம்புக்கல் என அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். அடியில் காற்று ஊதுவார்கள். உருகிய இரும்பு அடித்துளை வழியாக வாளியில் இறங்கும். இரண்டு பேர் தோள்கொடுத்து வாளியைத் தூக்கிச் சென்று, ஈர மணலும் பெண்டோனைட்டும் கலந்து தட்டி வைத்த அச்சுப் பெட்டிகளில் ஊற்றுவார்கள். ஆறியதும் பெட்டியைத் தட்டிப் பிரித்து, பிசிறு தேய்த்து, கறுப்பு பூசினால் மூடி தயார். இதில் பட்டறைக்காரன் கையில் இருப்பது மணலும் கூலியும் மட்டும். அடக்கவிலையைத் தீர்மானிப்பவை பிக் அயர்னும் கோக்கும்.

அந்தப் பிக் அயர்னின் விலையை அவனும் நிர்ணயிக்கவில்லை, சந்தையும் நிர்ணயிக்கவில்லை. 1964-இல் கல்கத்தாவில் அமைந்த கூட்டு ஆலைக் குழு பெரிய உருக்காலைகளின் இரும்பு, எஃகு விலைகளை நிர்ணயித்தது. அதற்கு முன்பே, 1956 முதல், இரும்புக்கும் எஃகுக்கும் நாடு முழுதும் ஒரே ரயில் சேருமிட விலை என்ற சரக்குக் கட்டணச் சமன்பாடு நடப்பில் இருந்தது. பர்ன்பூரும் துர்காபூரும் ஹவுராவிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள். அங்கிருந்து வரும் இரும்புக்கு ஹவுரா பட்டறை கொடுத்த விலையும், கோயம்புத்தூர் பட்டறை கொடுத்த விலையும் கொள்கையளவில் ஒன்று. ஹவுரா தன் அருகாமையின் லாபத்தைப் பொதுநிதியில் போட்டது. அந்த நிதியிலிருந்து எடுத்துக்கொண்ட ஊர்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. பீளமேடு, கணபதி பகுதி ஃபவுண்டரிகளின் வளர்ச்சியை நாயுடுகளின் முயற்சி, பம்புசெட்டு, பஞ்சாலை என்று மட்டுமே விளக்கும் நம் வழக்கமான வரலாற்றில் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு வரி கூட இருப்பதில்லை. பருத்திக்கு ஏன் இப்படியொரு சமன்பாடு இல்லை என்று வங்காளிகள் கேட்ட கேள்விக்கு நம்மிடம் நியாயமான பதிலும் இல்லை. இச்சமன்பாடு 1990களின் தொடக்கத்தில்தான் முடிவுக்கு வந்தது.

இதன்மேல் இன்னொரு சுமை. உள்நாட்டுப் பிக் அயர்ன் உலக விலையைவிடக் கூடுதலாக விற்றது. மலிவான வெளிநாட்டு இரும்பு இறக்குமதி உரிமத்தாலும் சுங்கத்தாலும் கட்டுப்பட்டிருந்தது. உலக விலையில் விற்க வேண்டிய மூடியை உள்நாட்டு விலை இரும்பில் வார்த்தால் நட்டம். இதைச் சரிசெய்ய 1981-இல் பன்னாட்டு விலை ஈட்டுத் திட்டம் வந்தது. தொழிலில் அதை ஐபிஆர்எஸ் என்றே சொல்வார்கள். ஏற்றுமதியான வார்ப்படத்தில் சேர்ந்த இரும்புக்கு உள்நாட்டு விலைக்கும் உலக விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசு திருப்பிக் கொடுத்தது. பணம் பொறியியல் ஏற்றுமதி மன்றத்தின் வழியாக வந்தது.

இரும்பின் விலையை உயர்த்தி வைத்தது அரசு. உயர்ந்த விலையை ஈடுகட்டியதும் அரசு. இரண்டுக்கும் நடுவில் ஏற்றுமதியாளரின் வேலை, கப்பல் ரசீது, வங்கிச் சான்று, இரும்பு வாங்கிய பில் ஆகியவற்றை ஒழுங்காக அடுக்கிக் கொடுப்பது. நேராக இரும்பின் விலையைக் குறைத்திருந்தால் உள்நாட்டுக்குச் செய்பவனும் பலன் பெற்றிருப்பான். அப்படிச் செய்யாமல் ஏற்றுமதிக்கு மட்டும் ஈடு கொடுத்ததுதான் அடுத்து வந்த வழக்குகளுக்கெல்லாம் வித்து.

5. வாஷிங்டனின் பதில்

1980 அக்டோபரில் அமெரிக்க வணிகத் துறை, இந்தியாவிலிருந்து வரும் சில வார்ப்பிரும்புப் பொருள்கள்மேல் ஈடுசெய் தீர்வை ஆணை பிறப்பித்தது. மூடிகள், அவற்றின் சட்டங்கள், மழைநீர் வடிகால் கம்பித்தட்டுகள் அதில் அடங்கின. ஏற்றுமதி நாட்டின் அரசு எவ்வளவு மானியம் கொடுத்ததோ அவ்வளவை இறக்குமதித் தீர்வையாக வசூலிப்பது இதன் தத்துவம். எளிதாகச் சொன்னால், டெல்லி கொடுப்பதை வாஷிங்டன் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, 1986-இல் இந்தியா, பிரேசில், கனடா, சீனா ஆகிய நாடுகளின் கட்டுமான வார்ப்படங்கள்மேல் விலைகுறைப்பு எதிர்ப்புத் தீர்வையும் வந்தது.

இந்திய அரசு சும்மா இருக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்கா இந்தியத் திருகாணிகள்மேல், உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு உண்டா என்று பார்க்காமலேயே ஈடுசெய் தீர்வை போட்டதை எதிர்த்து, உலக வணிக அமைப்புக்கு முன்னோடியான காட் அமைப்பில் முறையிட்டது. 1981-இல் அது சமரசத்தில் முடிந்தது. அமெரிக்கா பாதிப்புச் சோதனைக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் வார்ப்படத் தீர்வை நின்றது. ஐபிஆர்எஸ் வந்ததும் ஆண்டு மறுஆய்வுகளில் அதுவே பெரிய சண்டைக்களம் ஆயிற்று.

சண்டையின் சாரம் இது. அன்றைய மானிய விதித்தொகுப்பின்படி, ஏற்றுமதியாளருக்கு அரசு உள்ளீட்டை மலிவாகத் தருவது ஏற்றுமதி மானியம். உலகச் சந்தையில் அவருக்கு எந்த விலைக்குக் கிடைத்திருக்குமோ அந்த விலைக்குத் தருவது மானியம் ஆகாது. ஆகவே கேள்வி, கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பிக் அயர்னின் விலை என்ன? கப்பல் கட்டணம் சேர்த்ததா, சேர்க்காததா? அதைத் தாண்டி ஒரு ரூபாய் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் அது மானியம். இந்த வேறுபாட்டுக்காக அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. அமெரிக்க இறக்குமதி நிறுவனமான கிரெஸ்வெல் டிரேடிங்கின் பெயரில் 1994-இல் வந்த தீர்ப்பும், கஜாரியா அயர்ன் காஸ்டிங்ஸ் பெயரில் 1998-இல் வந்த தீர்ப்பும் மானியச் சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பாடம். செராம்பூர், கிரெசன்ட் போன்ற பெயர்களையும் அமெரிக்கத் தீர்ப்புத் தொகுப்புகளில் காணலாம். ஹவுராவின் சந்துகளை ஒருநாளும் பார்த்திராத நீதிபதிகள் அதன் இரும்புக் கணக்கை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

வருமான வரிச் சட்டத்தின் 80 எச்எச்சி பிரிவும் கூண்டில் ஏறியது. 1983-இல் நுழைந்த அந்தப் பிரிவு ஏற்றுமதி லாபத்துக்கு வரிக் கழிவு தந்தது. ரொக்க ஈடு, விலை ஈடு ஆகியவையும் லாபத்தில் சேர்ந்தன. அந்த லாபத்துக்குக் கழிவும் கிடைத்தது. அப்படியானால் ஒரே பணத்தை இரண்டு முறை மானியமாக எண்ணலாமா? வழக்கறிஞர்களுக்கு நல்ல வேட்டை.

தீர்வையின் அளவைவிட அதன் நிச்சயமின்மைதான் வியாபாரத்தை அதிகம் அடித்தது என்று நினைக்கிறேன். அமெரிக்க முறையில் இறக்குமதியாளர் சரக்கு வரும்போது ஒரு உத்தேசத் தொகையை வைப்பாகக் கட்டுவார். உண்மையான தீர்வை எவ்வளவு என்பது ஆண்டு மறுஆய்வும் வழக்கும் முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குள் மூடி தெருவில் பதிந்து, அதன்மேல் வண்டிகள் ஓடி ஆண்டுகள் பல ஆகியிருக்கும். பின்னால் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று தெரியாதவர் அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் ஹவுராவிடம் விலை பேசுவார். 1987-இல் அமெரிக்காவுக்குப் போகும் வார்ப்படங்களுக்கு ஐபிஆர்எஸ் நிறுத்தப்பட்டது. உலக விலையைவிடக் கூடுதல் விலைக்கு இரும்பு வாங்கும் நிலை மட்டும் அப்படியே தொடர்ந்தது. நாட்டின் விலைக் கொள்கை மாறாமல் ஈடு மட்டும் போனதில் முழு இழப்பு பட்டறைக்குத்தான்.

6. எந்தக் கைக்கு?

ஊக்கம் கிடைத்த காலத்தில் அது யாரிடம் நின்றது? ஹவுரா அமைப்பில் மூன்று அடுக்குகள் உண்டு. கொல்கத்தாவில் அலுவலகம் வைத்து வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று. சொந்தமாக ஃபவுண்டரியும் நேரடி ஏற்றுமதியும் உள்ளவர்கள் இரண்டாவது. மூன்றாவது, ஏற்றுமதி நிறுவனத்துக்காக வார்த்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள். ஊக்கத்துக்கான மனு கப்பல் ரசீது எவர் பெயரில் இருக்கிறதோ அவருடையது. மூன்றாம் அடுக்கின் பெயர் அந்த ரசீதில் இல்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 80 எச்எச்சி பிரிவில், ஏற்றுமதி நிறுவனம் தன் கழிவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துச் சான்று கொடுத்தால், சரக்கு செய்து தந்த துணை உற்பத்தியாளர் அந்தக் கழிவைப் பெறலாம் என்ற வழி இருந்தது. அந்தச் சான்றைக் கொடுப்பதா வேண்டாமா என்பது ஏற்றுமதி நிறுவனத்தின் விருப்பம். ஆர்டரும் அவர் கையில், சான்றும் அவர் கையில் என்றால் பேரம் எப்படி முடியும் என்று வியாபாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், வருமான வரி கட்டும் அளவுக்கு லாபம் காட்டுபவருக்குத்தான் கழிவால் பயன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. ஏற்றுமதி நிறுவனம் பெற்ற ஊக்கம் குறைந்த விலையாக வெளிநாட்டுக்குப் போய், கூடுதல் ஆர்டராகத் திரும்பி, கடைசியில் சிறு பட்டறைக்கும் வேலை தருகிறது என்பார்கள். வேலை வந்தது உண்மைதான். ஆனால் ஏற்றுமதி விலையைக் குறைக்கும் ஊக்கத்தின் முதல் பயனாளி வாங்குபவர் என்பதும் இந்த வாதத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க நகராட்சிகளுக்கு மலிவான மூடி கிடைத்தது. அந்த மலிவின் ஒரு பகுதிக்கு இந்திய வரிப்பணம் காரணம். ஒரே மாதிரிப் பொருளைச் செய்து ஒருவரோடொருவர் விலை குறைத்துப் போட்டியிடும் சிறு பட்டறைகள் நிறைந்த ஊரில், ஊக்கம் லாபமாக நிற்காமல் விலைக்குறைப்பாகக் கரைவது இயல்பு. சணலில் வாங்குபவனுக்கு வேறு வழியில்லை என்று நினைத்து வரி போட்டார்கள். மூடியில் விற்பவனுக்கு வேறு வழியில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

7. உலையருகே நிற்பவர்கள்

2007 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஹவுரா ஃபவுண்டரி ஒன்றின் படங்களை வெளியிட்டது. சட்டையில்லாமல், வெறுங்காலோடு, உருகிய இரும்பைத் தூக்கிச் செல்லும் தொழிலாளர்கள். இந்திய மூடிகள் அமெரிக்க மூடிகளைவிட 20 முதல் 60 சதவீதம் வரை மலிவு என்ற தகவலும் அந்தச் செய்தியில் இருந்தது. அந்த மூடிகளை வாங்கிய நியூயார்க்கின் மின்விநியோக நிறுவனமான கான் எடிசன், இனி ஒப்பந்தங்களில் பாதுகாப்பு நிபந்தனை சேர்ப்பதாக அறிவித்தது.

இந்தச் செய்தியை இந்தியாவின் பெயரைக் கெடுக்கும் முயற்சி என்று பார்த்தவர்கள் இங்கே உண்டு. பார்வை எதுவாயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. அதுவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்திய அரசு இந்த ஏற்றுமதிக்கு ரொக்கமாகவும் கழிவாகவும் பணம் கொடுத்திருந்தது. அந்தத் திட்டங்களின் மனுப்படிவங்கள் எடை கேட்டன, விலை கேட்டன, கப்பல் பெயர் கேட்டன. தொழிலாளியின் காலில் செருப்பு இருக்கிறதா என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டது வாங்குபவர், அதுவும் ஒரு நாளிதழ் படம் போட்ட பிறகு.

இதற்கு எதிரான ஒரு சிறிய உதாரணமும் ஹவுராவிலேயே இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் டெல்லியின் டெரி ஆய்வு நிறுவனம், சுவிட்சர்லாந்தின் வளர்ச்சி உதவி அமைப்போடு சேர்ந்து, இரண்டு வரிசைத் துளைகளில் பகிர்ந்து காற்று ஊதும் கியூபோலாவை ஹவுராவில் நிறுவிக் காட்டியது. கோக் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புகையை வடிகட்டும் அமைப்பும் அதோடு வந்தது. அடக்கவிலை குறைந்தது, ஊரின் காற்றும் தேறியது. இதை எந்த நாடும் ஏற்றுமதி மானியம் என்று வழக்குப் போட முடியாது. ஏனென்றால் அது ஏற்றுமதியோடு கட்டப்படவில்லை, உள்ளூருக்கு வார்த்தாலும் அதே பலன். ஆனால் அத்தகைய உலை மற்றப் பட்டறைகளுக்குப் பரவ நீண்ட காலம் பிடித்தது. முதலீட்டுக்குக் கையில் பணமில்லாத பட்டறையிடம் கோக் மிச்சமாகும் என்று சொல்லிப் பயனில்லை. ஊக்கத்தொகை போக வேண்டிய இடம் அதுதான், போகவில்லை.

8. பெயர் மாறிய திட்டங்கள்

1991 ஜூலையில், ப. சிதம்பரம் வணிக அமைச்சராக இருந்தபோது, ரூபாயின் மதிப்புக் குறைப்போடு சேர்ந்து ரொக்க ஈடு ஒழிக்கப்பட்டது. 80 எச்எச்சி 2000-க்குப் பின் படிப்படியாகக் குறைந்து மறைந்தது. 2015-இல் எம்இஐஎஸ் என்ற திட்டம் வந்தது. ஏற்றுமதி மதிப்பில் ஒரு விகிதத்துக்கு வரவுச் சீட்டு கிடைத்தது. அதைச் சுங்கம் கட்டப் பயன்படுத்த முடிந்தது, அல்லது தள்ளுபடி விலைக்கு வேறொருவருக்கு விற்க முடிந்தது.

உலக வணிக அமைப்பின் மானிய ஒப்பந்தம் ஏற்றுமதியோடு கட்டிய மானியத்தைத் தடை செய்கிறது. தனிநபர் வருமானம் 1990-ஆம் ஆண்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்குக் குறைவான நாடுகளுக்கு விலக்கு உண்டு. 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இந்தியா அந்த வரம்பைத் தாண்டிவிட்டதாக 2017-இல் கணக்கு வந்தது. 2018 மார்ச்சில் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 2019 அக்டோபர் 31-ஆம் தேதி விசாரணைக் குழு எம்இஐஎஸ், சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகள், மூலதனப் பொருள் இறக்குமதித் திட்டம் முதலியவை விதிக்கு மாறானவை என்றது. இந்தியா நவம்பரில் மேல்முறையீடு செய்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு அமைப்பு போதிய உறுப்பினரின்றி முடங்கியதால் வழக்கு தொங்கியது; 2023-இல் இரு நாடுகளும் பேசி அதை முடித்துக்கொண்டன.

2021 ஜனவரி 1 முதல் எம்இஐஎஸ் இடத்தில் ரோடெப் வந்தது. வேறு வழியில் திரும்பக் கிடைக்காத எரிபொருள் வரி, மின்வரி, மண்டி வரி போன்றவற்றைத் திருப்பிக் கொடுப்பது இதன் அடிப்படை. மறைமுக வரியை, கட்டிய அளவுக்கு மிகாமல், திருப்பிக் கொடுப்பதை உலக வணிக விதிகள் மானியமாகக் கருதுவதில்லை. ஹவுராவுக்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே தேவைப்பட்ட தர்க்கம் இது. ஆனால் 2021 ஆகஸ்ட்டில் விகிதங்கள் வெளியானபோது சுங்க அட்டவணையின் 73-ஆம் அத்தியாயம், அதாவது வார்ப்படங்கள் உட்பட்ட இரும்பு, எஃகுப் பொருள்கள், பட்டியலில் இல்லை. எஃகுத் தொழில் நல்ல லாபத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தில், டாடாவையும் ஹவுரா பட்டறையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். 2022 டிசம்பர் 15-ஆம் தேதி முதல்தான் அந்த அத்தியாயம் சேர்ந்தது. திட்டம் வந்த பிறகும் அமெரிக்கா காகிதக் கோப்பு முதல் அலுமினியத் தகடு வரை சில பொருள்களில் ரோடெப்பையும் மானியம் என்று கணக்கிட்டுத் தீர்வை போட்டிருக்கிறது. எந்தப் பொருளில் எவ்வளவு வரி உண்மையில் கட்டப்பட்டது என்று சரிபார்க்கும் முறை போதவில்லை என்பதே அதன் வாதம்.

இதற்கிடையே, பெரிதாகப் பேசப்படாத ஒன்று நடந்தது. 2022 மே மாதம் உள்நாட்டு விலையைக் குறைக்க அரசு பிக் அயர்ன் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. நவம்பரில் நீக்கியது. உருக்காலைகள் கொதித்தன. இரும்பை வாங்கி வார்ப்பவர்கள் நிம்மதி அடைந்தார்கள். அறுபது ஆண்டுக் கதையில் ஹவுராவின் உண்மையான நோயான மூலப்பொருள் விலையை நேராகத் தொட்ட நடவடிக்கைகளில் அது ஒன்று, அதுவும் ஆறே மாதம். அந்த வரியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பிக் அயர்ன் விலையில் ஏற்படும் சிறு அசைவுக்கு முன்னால் ஊக்கத் திட்டங்களின் சதவீதங்கள் எவ்வளவு சிறியவை என்பதை அது காட்டியது.

9. மாநிலமும் இனியும்

வெளிநாட்டு வணிகம் மத்தியப் பட்டியலில் இருப்பதால் மாநில அரசு செய்யக்கூடியது நிலம், மின்சாரம், சாலை, மூலதன மானியம். ஹூக்ளிக் கரையில் ஃபல்டாவில் 1984-இல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. அதே ஆண்டில் சென்னைத் தாம்பரத்திலும் ஒன்று வந்தது. ஃபல்டா கொல்கத்தாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே. மண்டலத்துக்குள் தொழில் வைப்பவருக்குத்தான் சலுகை என்பதால், நூறாண்டுகளாக ஹவுராவில் வேரூன்றிய பட்டறைகளுக்கு அது எட்டாத கனி. 2025-இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் 1993 முதல் அறிவித்த தொழில் ஊக்கத் திட்டங்கள் அனைத்தையும் முன்தேதியிட்டு ரத்து செய்யும் சட்டத்தை இயற்றியது. சமூகநலத் திட்டங்களுக்குப் பணம் தேவை என்பது அரசின் நியாயம். வாக்குறுதியை நம்பி முதலீடு செய்தோம் என்று பெரிய நிறுவனங்கள் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போயின. சிறு ஃபவுண்டரிகள் அந்த வழக்கில் இல்லை. அவர்களுக்கு வர வேண்டிய பாக்கியும் பெரிதாக இருந்திராது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 சதவீதம் வரை தீர்வை ஏற்றியது. நவம்பரில் மத்திய அரசு 25,060 கோடி ரூபாயில் ஆறாண்டு ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்தை அறிவித்தது.

அந்தப் பணத்தைப் பழைய வழியிலேயே கப்பல் ரசீதுக்கு எதிராகக் கொடுத்தால் பழைய முடிவே வரும். பொதுச் சோதனைக்கூடம், மின் தூண்டல் உலைக்குக் குறைந்த வட்டிக் கடன், பாதுகாப்புக் கருவி ஆகியவற்றுக்கு, உள்நாட்டுக்கு வார்ப்பவருக்கும் சேர்த்துக் கொடுத்தால் அது தடைசெய்யப்பட்ட ஏற்றுமதி மானியம் ஆகாது. வார்த்தவருக்கும் நேராகச் சேரும்.

எதைச் செய்வதற்கும் முன் ஒன்று தேவை. ரோடெப் வரவுகள் இன்று சுங்கத்துறையின் மின்கணக்கில் ஏற்றுமதியாளர் வாரியாகப் பதிவாகின்றன. அவற்றை மாவட்டம், நிறுவன அளவு, உற்பத்தியாளரா வணிகரா என்ற பகுப்போடு வெளியிடுவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஐபிஆர்எஸ், ரொக்க ஈட்டுக் கோப்புகளில் எஞ்சியவற்றையும் பொறியியல் ஏற்றுமதி மன்றம் ஆய்வாளர்களுக்குத் திறக்கலாம். அமெரிக்க வணிகத் துறை கேட்டபோது அந்தக் கணக்குகளைக் கொடுத்தோம். அதே கணக்கை இந்த நாட்டின் வரி கட்டுவோருக்கும் மத்திய வணிக அமைச்சகம் கொடுக்க வேண்டும்.